எஃப்.சி.க்கு முன் கழுவிய எஞ்சின்: ஒரு டிப்பர் லாரியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2018இல் பதிவான பத்துச் சக்கர டிப்பர் லாரி. பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தர வகை, மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் எஞ்சின். ராதாபுரம் வட்டாரக் கல்குவாரிகளில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு வள்ளியூர், நாங்குநேரி வழியாக நான்குவழிச் சாலையில் திருநெல்வேலிக்கு வருவதுதான் அதன் அன்றாட வேலை. உரிமையாளருக்கு இரண்டு லாரிகள். இந்த வண்டிக்கு வங்கித் தவணை இன்னும் முடியவில்லை. ஓட்டுநர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், பழைய பம்பு எஞ்சின் காலத்திலிருந்தே வண்டி ஓட்டுபவர். கிளீனராக இருந்தது அவருடைய அக்காள் மகன்.

குவாரி வண்டியின் எஞ்சினில் சேரும் அழுக்குக்குத் தனிக் குணம் உண்டு. கிரஷரின் அடியில் நிற்கும்போது படியும் கல்தூள், எங்கோ கசியும் எண்ணெயில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் சூட்டில் வெந்து, சில மாதங்களில் விரல் நகத்தால் பெயர்க்க முடியாத கறுப்பு ஓடாகிவிடுகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது இந்த ஓடு இன்னும் வேகமாக வளரும். எஞ்சினின் சூடு வெளியேறுவதை அது தடுக்கும், எண்ணெய் ஊறியிருப்பதால் தீப்பற்றினால் எரியும். மெக்கானிக்கின் கண்ணுக்கு இவை இரண்டையும்விடப் பெரிய தொல்லை, கசிவு எங்கே தொடங்குகிறது என்பதை அது மூடிவிடுவதுதான்.

இந்த வண்டியில் எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. நிறுத்தி வைத்த இடத்தில், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் மூட்டுக்கு நேர் கீழே, தரையில் சொட்டு விழுந்தது. குவாரிக்கு அருகில் பார்த்த ஒரு மெக்கானிக், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கினால்தான் வேலை ஆகும் என்று சொல்லியிருந்தார். அந்த மூட்டில் எண்ணெய் சொட்டினால் பத்தில் ஏழு பேர் அதைத்தான் சொல்வார்கள். எஃப்.சி. என்ற வாகனத் தகுதிச் சான்றுக்கான சோதனை நாள் நெருங்கிவிட்டதால், முதலில் எஞ்சினைக் கழுவிச் சான்று வாங்கிவிடலாம், சீல் வேலையை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று உரிமையாளர் முடிவு செய்தார்.

முதல் கழுவுதல்

கழுவியது நான்குவழிச் சாலையோரத்து வாட்டர் சர்வீஸ் ஒன்றில். வண்டி லோடு இறக்கிவிட்டு நேராக அங்கே போயிருக்கிறது. கேபினைத் தூக்கியதும், கம்ப்ரசர் காற்றில் பீய்ச்சும் துப்பாக்கியில் டீசலை நிரப்பி எஞ்சின் முழுவதும் அடித்தார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் புகைபோக்கிப் பக்கத்தில் பட்டதும் வெண்புகை குபீரென்று கிளம்பியது. ஓட்டுநர் சத்தம் போட்டுத் தடுத்திருக்கிறார். தீப்பற்றவில்லை. புகை அடங்கியதும் டீசலை மற்றப் பக்கங்களில் அடித்து முடித்து, சிறிது ஊறவைத்து, உயர் அழுத்தத் தண்ணீரால் எல்லாவற்றையும் அடித்துக் கழுவினார்கள். பாட்டரி இணைப்பு கழற்றப்படவில்லை. எந்தப் பாகமும் மூடப்படவில்லை.

டீசல் அடித்துக் கழுவுவது நம் பக்கத்தில் தலைமுறைப் பழக்கம். அதில் ஒரு காலத்துக்கு நியாயமும் இருந்தது. இயந்திரப் பம்பில் ஓடிய பழைய எஞ்சின்களில் மின்சாரம் என்று சொல்ல டைனமோவும் செல்ஃப் மோட்டாரும்தான். டீசல் கிரீஸைக் கரைக்கும், கையிலேயே இருக்கும். அந்த எஞ்சினை ஆற அமரக் கழுவினார்கள், பெரும்பாலும் வண்டி இரண்டு நாள் நிற்கும்போது. இன்று எஞ்சினும் வேறு, கழுவுகிறவரின் அவசரமும் வேறு.

அந்த வெண்புகை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்திய டீசல் தரத்தின்படி அதன் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நெல்லை வெயிலில் நிற்கும் லாரியின் இரும்பு அதைத் தாண்டிவிடும். அதாவது, டீசலின் மேல் பொறி பட்டால் பற்றக்கூடிய ஆவி நம் ஊர்ப் பகல் சூட்டிலேயே உண்டாகலாம். இது நீர்மமாகக் கிடக்கும் டீசலுக்கான கணக்கு. காற்றில் பீய்ச்சிய நுண்துளிகள் அந்த வெப்பநிலைக்குக் கீழேயும் எரியும். பொறியே இல்லாவிட்டாலும், ஏறக்குறைய 210 டிகிரிக்கு மேற்பட்ட பரப்பில் பட்டால் டீசல் தானாகப் பற்றலாம். லோடு இழுத்து வந்த எஞ்சினின் டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கும், நிறுத்திய பிறகும் சட்டென்று ஆறாது. இவற்றோடு, இணைப்பில் இருக்கும் 24 வோல்ட் பாட்டரியும் சேர்ந்துகொண்டது. அன்று தீ எழாததற்குக் காரணமாக யாருடைய கவனத்தையும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை

இரவு வண்டி நன்றாக வீட்டுக்குப் போனது. காலையில் ஸ்டார்ட் ஆனது, ஆனால் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை. வெற்று வண்டியே மேம்பாலத்தில் ஏறத் திணறியது. டைனமோவிலிருந்து கரகரப்பு கேட்டது. திருநெல்வேலி புறவழிச் சாலை அருகே நான் மேற்பார்க்கும் பட்டறைக்கு வண்டி வந்தது அந்த நிலையில்.

பட்டறையில் கண்டவை

கேபினைத் தூக்கியவுடன் டீசல் வாடை முகத்தில் அடித்தது. எஞ்சின் பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. படங்களில் வரும் புது எஞ்சின் போலவே இருக்கிறது என்று கிளீனர் தம்பி பெருமையாகச் சொன்னான். தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டியது டீசல் படலம். எல்லாப் பரப்பும் ஒரே மாதிரி ஈரமாக இருந்ததால், எது கசிந்த எண்ணெய், எது பூசிய டீசல் என்று பிரிக்க வழியில்லை. உட்புற மூலைகளில் பழைய ஓடு அப்படியே இருந்தது. எளிதில் கை எட்டும் இடங்கள் மட்டுமே கழுவப்பட்டிருந்தன.

கணினிக் கருவியை இணைத்துப் பார்த்ததில் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் பிரஷர் சென்சாரின் அளவீடு தவறு என்று வந்தது. அதன் ஒயரை இணைக்கும் செருகியான கப்ளரைக் கழற்றியபோது உள்ளே தண்ணீரும் கல்தூள் சேறும் இருந்தன. காற்றழுத்தம் எவ்வளவு என்று நம்பத்தகுந்த செய்தி வராததால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ., எஞ்சினைக் காக்கும் பொருட்டு அதன் ஆற்றலைக் குறைத்து வைத்திருந்தது. வேகம் ஏறாததன் காரணம் அதுதான். இன்னும் இரண்டு கப்ளர்களிலும் ஈரம் தென்பட்டது.

“கப்ளர் வாட்டர்ப்ரூஃப் தானே, எப்படித் தண்ணீர் போயிருக்கும்?” என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இத்தகைய கப்ளர்கள் பலவற்றுக்கு ஐ.பி. 67 என்று தரம் சொல்வார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே புகாது என்பது அதன் பொருள். எண்பது, நூறு பார் அழுத்தத்தில், ஒரு சாண் தூரத்திலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று அது சொல்லவில்லை. அதற்கு ஐ.பி. 69கே என்று தனித் தரம் இருக்கிறது. தவிர, ஆறு ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் கிடந்த கப்ளரின் ரப்பர் சீல் புதிதாக இருந்தபோது போல இறுகப் பிடிக்காது.

டைனமோவின் காற்றுத் துளைகள் வழியாகக் கல்சேறு உள்ளே போயிருந்தது. ரேடியேட்டரின் ஒரு பக்கத்தில் கையகல இடத்துக்கு மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போக வழியில்லாமல் அடைத்திருந்தன. ஏர் ஃபில்டரின் வெளி வடிகட்டி ஓரம் ஈரமாக இருந்தது. உள் வடிகட்டி உலர்ந்திருந்ததைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. டர்போ வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குப் போயிருந்தால் பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. கேபினின் அடிப்பக்கத்தில், எஞ்சின் இரைச்சலையும் சூட்டையும் தடுக்க ஒட்டியிருக்கும் பஞ்சுப் பாய் டீசலைக் குடித்து ஊறிப்போயிருந்தது. கையால் அழுத்தினால் சொட்டியது. டர்போவுக்கு மேலே, விளக்குத் திரி போல அது தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வண்டி அந்த நிலையில் இரவு முழுவதும் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: பாயைக் கழற்றும் வரை எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. அதில் விவாதம் இல்லை. பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாயைப் பெயர்த்தோம். அதை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டுக் கட்டடத்துக்கு வெளியே வைத்தோம்.

இரண்டாவது முடிவில்தான் கருத்து வேறுபாடு. கப்ளர்களை உலர்த்தி, டைனமோவைச் சரிசெய்து, எஃப்.சி.க்கு அனுப்பிவிடுங்கள் என்றார் உரிமையாளர். “அண்ணாச்சி, இன்னொரு முறை கழுவத்தான் வேண்டும்” என்று மேஸ்திரி சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. “கழுவினதால்தானே மேஸ்திரி இவ்வளவும்?” என்றார். அவர் கோணத்தில் அது சரி. ஆனால் டீசல் படலத்தை அப்படியே விட்டால், குவாரிக்கு ஒரு தடவை போய் வந்ததும் முன்பைவிடத் தடிமனாகத் தூள் ஒட்டும். ரேடியேட்டர் ஹோஸ் போன்ற சில வகை ரப்பர்கள் டீசலில் ஊறினால் உப்பி மெலியும் என்பதும் இருந்தது. கசிவின் மூலம் தெரியாமலே கியர் பாக்ஸை இறக்க வேண்டி வரும் என்பது மூன்றாவது காரணம்.

அந்த மூன்றாவது காரணத்துக்கு வலுச் சேர்த்தது ஓட்டுநரின் கைபேசியில் இருந்த ஒரு படம். சில வாரங்களுக்கு முன் ரேடியேட்டர் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைக் காட்ட உரிமையாளருக்கு அவர் அனுப்பியது. கிளாம்ப் அதில் சரியாகத் தெரியவில்லை. பின்னணியில், டர்போவுக்குக் கீழே எஞ்சினின் பின்மேற்பக்கத்தில் தடித்த ஓடு தெளிவாகத் தெரிந்தது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஃபேன் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். கிராங்க் சீல் இருப்பது எஞ்சினின் அடிப்பக்கத்தில். அங்கே கசிந்த எண்ணெய் டர்போ உயரத்துக்கு ஏறி ஓடாகப் படிய வழியே இல்லை. மேஸ்திரி படத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் உரிமையாளர் ஒரு நாள் கூடுதலாக வண்டியை விட ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது முடிவு, எதைக் கொண்டு கழுவுவது என்பது. பெட்ரோலும் தின்னரும் பேச்சுக்கே இடமில்லாதவை. அவற்றின் ஆவி அறைச் சூட்டுக்கு வெகு கீழேயே பற்றும். மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் தீ விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. காஸ்டிக் சோடா கலந்த மலிவான திரவங்கள் கிரீஸை அருமையாக எடுக்கும். ஆனால் அலுமினியத்தையும் அரிக்கும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். ஏர் கம்ப்ரசர் தலை, டைனமோ உடல், இன்டர்கூலர் என்று இந்த எஞ்சினில் அலுமினியத்துக்குக் குறைவில்லை. அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட, தண்ணீரில் கரையும் மென்காரக் கிரீஸ் நீக்கியைத் தேர்ந்தோம். அதையும் முதலில் ஒரு மூலையில் தடவிச் சிறிது நேரம் விட்டு, நிறம் மங்குகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்தினோம்.

இரண்டாவது கழுவுதல்

வேலையைக் காலையில், எஞ்சின் இரவு முழுவதும் ஆறிய பிறகு தொடங்கினோம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தோம். கேபினைத் தூக்கும் முன் உள்ளே கிடந்த ஜாக்கி, தண்ணீர்க் குடம், சாமி படம் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. இவை முன் கண்ணாடியில் போய் விழுந்து உடைத்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. கேபின் முழுக்க மடங்கி, பூட்டு விழுந்ததை மேஸ்திரி கையால் தொட்டுப் பார்த்த பிறகே மற்றவர்கள் கீழே போனார்கள். பாதி தூக்கிய கேபினுக்கு அடியில் ‘ஒரு நிமிடம்’ என்று தலை நீட்டுவது, இந்த வேலையில் தீக்கு அடுத்த பெரிய ஆபத்து.

பிறகு பாதி நாள் தண்ணீரையே தொடவில்லை. முதலில் எஞ்சினை நாலு பக்கமும் படம் பிடித்தோம். பட்டி பூசும் பிளாஸ்டிக் தகடாலும் மரச் சில்லாலும் ஓட்டைச் சுரண்டி எடுத்தோம். மூலைகளுக்கு நைலான் பிரஷ். இடையிடையே பனியன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டே போனோம். காற்றை அடித்து ஊதினால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கிளீனர் சொன்னான். ஊத விடவில்லை. கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்கள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற, ஆறாத நோயைத் தரும். கிரஷரில் வேலை செய்பவர்களுக்கு வரும் நோயைப் பட்டறைக்குள் அழைத்து வர வேண்டியதில்லை. உலர்ந்த இடங்களில் லேசாக ஈரத் துணியால் ஒற்றிவிட்டுச் சுரண்டினோம், முகக்கவசமும் அணிந்திருந்தோம்.

இந்த உலர் வேலைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பலருக்குத் தெரியாதது. தண்ணீரில் கரையும் கிரீஸ் நீக்கி எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. அப்படிக் கலந்த எண்ணெய், கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியில் எளிதில் மேலே மிதக்காது. பால் நிறத்தில் தொட்டியைக் கடந்து வெளியே போய்விடும். தொட்டி இருக்கிறதே என்று நம்பிச் சோப்புத் தண்ணீரைத் தாராளமாக விடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. எவ்வளவு எண்ணெயைத் துணியிலும் தகட்டிலும் எடுக்கிறோமோ, அவ்வளவும் தண்ணீருக்குப் போகாமல் தப்புகிறது. எங்கள் பக்கத்து ஓடை மழைக்காலத்தில் பாளையங்கால்வாயை நோக்கிப் போவது. அந்தக் கால்வாய்த் தண்ணீர் தாமிரபரணியிலிருந்து வருவது, வயலுக்குப் போவது. சுரண்டிய சேறும் துணியும் பழைய ஆயில் பீப்பாயின் பக்கத்தில் மூடிய தொட்டிக்குப் போயின. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, பழைய ஆயிலையும் அது ஊறிய கழிவையும் உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து மூடும் வேலை. டைனமோ, ஈ.சி.யூ., ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டரின் வாய், டர்போவின் காற்றுக் குழாய், எஞ்சினின் மூச்சுக்குழல் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடி டேப் ஒட்டினோம். ஆயில் மூடியும் டிப் ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். கப்ளர்களைக் கழற்றவில்லை. கழுவும்போது அவை பூட்டியிருப்பதே பாதுகாப்பு.

கிரீஸ் நீக்கியைக் கைத் தெளிப்பானில் கலந்து கீழிருந்து மேலாகத் தெளித்தோம். மேலிருந்து தொடங்கினால் வழியும் கோடுகள் கீழே உலர்ந்து கறையாக நிற்கும். ஐந்து, பத்து நிமிடங்களுக்குள், உலர விடாமல் பிரஷ் போட்டோம். கழுவியது தோட்டத்து ஹோஸில், மேலிருந்து கீழாக, மெல்லிய அழுத்தத்தில். உயர் அழுத்தக் கருவி எஞ்சின் பக்கமே வரவில்லை. ரேடியேட்டருக்கு மட்டும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டோம். தூள் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகிவிடும். பின்மேல் பகுதிக்கு மட்டும் இரண்டாம் முறை தெளிக்க வேண்டியிருந்தது. நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் எல்லோருக்கும் கட்டாயம். கேபினுக்கு அடியில் அண்ணாந்து வேலை செய்யும்போது காரத் துளி கண்ணில்தான் விழும். கழுவிய தண்ணீரை மணல் மூட்டை அணைக்குள் தேக்கி, பீப்பாயில் அள்ளினோம்.

பைகளை அவிழ்த்துவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்தினோம். நம் ஊரில் இதற்குச் செலவு இல்லை. பிற்பகலில் ஒவ்வொரு கப்ளராகத் திறந்து, மெல்லிய காற்றால் உலர்த்தி, மின்தொடர்புகளுக்கான கிளீனர் அடித்து, சீலில் சிலிக்கான் கிரீஸ் தடவிப் பூட்டினோம். பாட்டரியில் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் பிறகு.

கசிவு பிடிபட்டது

எஞ்சின் ஓடியதும் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. எண்ணெய் வரும் என்று சந்தேகப்பட்ட பின்பக்கம் முழுவதும் முகப்பவுடரைத் தூவினோம். பழைய மெக்கானிக்குகளின் வழி. வெள்ளைப் பரப்பில் எண்ணெய்க் கோடு ஒளிய முடியாது. வண்டியை நாங்குநேரி வரை ஓட்டிச் சென்று திரும்பி வந்து கேபினைத் தூக்கினோம்.

டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயின் மேல் ஃபிளாஞ்ச் மூட்டில் கறுப்புக் கோடு தொடங்கி, எஞ்சினின் பின்பக்கமாக வளைந்து, கிளட்ச் ஹவுசிங்கின் மேல் இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு அடி மூட்டில் சொட்டாகத் தொங்கியது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்மூலையிலும் லேசான ஈரம். ஹவுசிங்கின் அடித்துளை வழியாக விளக்கடித்துப் பார்த்ததில் உட்புறம் உலர்ந்திருந்தது. கிராங்க் சீலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஃபிளாஞ்சின் ஒரு போல்ட் தளர்ந்து, பேக்கிங் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. அதையும் டேப்பட் கவர் பேக்கிங்கையும் மாற்றியது சில மணி நேர வேலை. கியர் பாக்ஸ் இறக்கியிருந்தால் புது சீல் போட்டு, கூலியும் வாங்கி, அதே இடத்தில் அதே சொட்டைப் பார்த்திருப்போம். டர்போவின் சூடான பக்கத்துக்கு அருகிலேயே இந்த எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது என்பதைக் கேட்டபோதுதான், அந்த வெண்புகை எந்த இடத்தில் எழுந்தது என்பதை ஓட்டுநர் விரலால் சுட்டிக்காட்டினார். அதே இடம். டீசலின் புகை மட்டும் அல்ல அது, ஊறிய பழைய ஆயிலும் சேர்ந்து புகைந்திருக்கிறது.

பின் விளைவுகள்

எஃப்.சி. கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக், விளக்கு, ஸ்டியரிங், புகை எல்லாவற்றையும் பார்த்தார்கள். எஞ்சின் பளபளப்பை யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் எண்ணெய்ச் சொட்டு இல்லாமல் இருந்தது போதுமானதாக இருந்தது.

டைனமோவைப் பிரித்துக் கழுவிப் பேரிங் மாற்ற வேண்டியிருந்தது. ரேடியேட்டர் தகடுகளைச் சீப்புக் கருவியால் நிமிர்த்தினோம், முழுவதும் நிமிரவில்லை. ஏர் ஃபில்டர் புதிது. இந்த மூன்றின் செலவும், வண்டி நின்ற நாட்களின் லோடு வருமானமும் முதல் கழுவுதலின் விலை.

அது அத்தோடு முடியவும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் பூஸ்ட் சென்சார் பிரச்சினை மீண்டும் வந்தது. கப்ளரின் செம்புப் பின்களில் பச்சைப் பூப்பு. முதல் கழுவுதலில் புகுந்த ஈரம், ஒயரின் உறைக்குள் சிறிது தூரம் ஊர்ந்து போயிருந்தது. அதை நாங்கள் உலர்த்திய வெயிலும் காற்றும் எட்டவில்லை. ஒரு முழம் ஒயரை வெட்டி, புதுக் கப்ளரோடு மாற்றிய பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை. எஞ்சினில் இப்போது படிவது வெறும் கல்தூள்தான். துடைத்தால் போய்விடுகிறது.

மாற்றியவையும் மாறாதவையும்

பட்டறையில் இனி எந்த வண்டியின் கசிவையும் கழுவும் முன் படம் பிடித்து வைப்பது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். ஓட்டின் தடிமன் எங்கே அதிகம், அது எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அழுக்கே பதில் வைத்திருக்கிறது. கழுவிவிட்டால் அந்தப் பதில் போய்விடும். மின்னணு எஞ்சின் வண்டிகளில் நனைந்த கப்ளரை உலர்த்துவதோடு விடாமல், பின்னால் ஒரு சாண் ஒயரையும் திறந்து பார்ப்பது இந்த வண்டியின் ஐப்பசிப் பிரச்சினைக்குப் பிறகு சேர்ந்தது.

உரிமையாளர் தம் இரண்டு லாரிகளுக்கும் மாதம் ஒரு முறை, ஆறிய எஞ்சினை ஈரத் துணியால் துடைக்கும் வேலையைக் கிளீனர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குச் சம்பளத்தில் தனியாகச் சிறு தொகையும் தருகிறார். சும்மா சொல்லி விட்டிருந்தால் இரண்டாம் மாதமே நின்றுபோயிருக்கும்.

வாட்டர் சர்வீஸ்காரரிடம் ஓட்டுநரே போய்ப் பேசினார். சூடான எஞ்சினுக்கு இனி டீசல் அடிப்பதில்லை, ஆறும் வரை நிறுத்தச் சொல்கிறார் என்கிறார்கள். டீசலை விட்டுவிடவில்லை. டீசல் அடித்தால் வரும் மினுக்கத்துக்காகவே வண்டிகள் அவரிடம் வருகின்றன, வேண்டாம் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு. அவருக்குத் தண்ணீரில் கரையும் கிரீஸ் நீக்கியின் விலையை ஒரு லாரிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். உயர் அழுத்தத் துப்பாக்கியைச் சேசிஸுக்கும் சக்கரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுமாறும் கேட்டிருக்கிறோம்.

கேபினின் அடியில் புதிய பஞ்சுப் பாய் இன்னும் போடப்படவில்லை. இந்த மாடலுக்குரிய பாய் கையிருப்பில் இல்லை, கிடைத்த மாற்றுப் பாய்களோ எண்ணெயை உறிஞ்சும் வகை. அலுமினியத் தாள் ஒட்டிய, உறிஞ்சாத பாயைச் சொல்லி வைத்திருக்கிறோம். அதுவரை கேபினுக்குள் சூடும் இரைச்சலும் கூடுதல்தான் என்று ஓட்டுநர் சொல்கிறார்.